ஸ்ரார்ட் ஆகுமா, நிற்குமா?

1987 மார்கழியில் ஸ்காபரோவில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். ஏழாவது ஆளாகப் படுத்திருந்தது ஒரு கார் பற்றறி. ஆறு பேரும் காசு சேர்த்து வாங்கிய பழைய அமெரிக்கக் காருடையது அது. வேலையால் வந்ததும் பொனற்றைத் திறந்து, ஸ்பானரால் இரண்டு முனைகளையும் கழற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவோம். விடியப்புறம் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர் அதைக் கீழே கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். பனிக்குள் விறைத்த விரலால் நட்டு முடுக்கியவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

ஆனால் அதில் கணக்கு இருந்தது. -18 பாகைக் குளிரில் பற்றறி தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். எஞ்சின் ஒயிலோ அதே குளிரில் பாணிபோல் தடித்துவிடும். அதற்குள் எஞ்சினைச் சுழற்ற வழமையைவிடக் கூடிய வலு வேண்டும். கொடுக்கிறவன் மெலிந்திருக்கும் நேரத்தில் கேட்கிறவனுக்குப் பசி கூடுவதுபோல. அறைச்சூட்டில் படுத்து எழும்பிய பற்றறிதான் எங்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பற்றறி பூட்டினால் மட்டும் போதாது. அது கார்புரேற்றர் காலம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதை அளந்தது காருக்குள் இருந்த கணினி அல்ல, எங்கள் வலது கால். காருக்குக் கார் இந்த மந்திரம் வேறுபடும். எங்களுக்கு அந்தக் காரை விற்ற அண்ணை திறப்போடு சேர்த்து அதையும் தந்தார்: “தம்பி, ரெண்டு தரம் மிதி, பிறகு காலை எடுத்துப்போட்டுத் திறப்பைத் திருப்பு. மூண்டாந்தரம் மிதிச்சியெண்டால் குடிச்சிடும்.” குடித்துவிட்டால் பெற்றோல் மணக்கும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் இதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது காரை ஸ்ரார்ட் பண்ணுவதிலும் கடினம்.

பெற்றோல் தாங்கியில் ஒரு சின்னப் போத்தல் அல்ககோல் ஊற்றுவதும் அன்று வழக்கம். தாங்கியில் சேரும் ஈரம் குழாய்க்குள் உறைந்து அடைக்காமல் இருக்க. பின்சில்லுகள் ஓட்டும் கார் என்பதால் டிக்கியில் மணல் மூட்டை போடுவார்கள். பாரம் இல்லாவிட்டால் பின்சில்லு சும்மா சுழலும். நாங்கள் மணலுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் அரிசி மூட்டை இரண்டைப் போட்டுக்கொண்டு திரிந்தோம். மாசி முடிவதற்குள் அதில் ஒன்று சோறாகிவிட்டது.

எங்களுக்கும் முந்திய காலத்தைப் பார்த்தால் எங்கள் பாடு பரவாயில்லை. மின்சாரத்தால் எஞ்சின் தானாகச் சுழலும் வசதி 1912 கடிலாக்கோடுதான் வந்தது. அதுவரை முன்னால் நின்று கைபிடியால் சுற்ற வேண்டும். ரேடியேற்றரில் வெறும் தண்ணீர். இரவில் வடித்துவிட்டு, காலையில் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். மறந்தால் உறைந்த நீர் விரிந்து இரும்பையே வெடிக்கச் செய்துவிடும். அல்ககோல் கலந்து பார்த்தார்கள், அது சூட்டில் ஆவியாகிப் போனது. 1927இல் எதிலீன் கிளைக்கோல் கடைக்கு வந்த பிறகுதான் இந்த இழுபறி தீர்ந்தது. பாதிக்குப் பாதி தண்ணீரோடு கலந்தால் கிட்டத்தட்ட -37 பாகை வரை உறையாது. அந்தக் காலத்தில் பலர் சிரமமே வேண்டாமென்று காரை மரக்கட்டைகளில் ஏற்றி மூடிவிட்டு வசந்தம் வரை காத்திருந்தார்கள். குளிர்காலத்துக்குக் காரைத் தயார் செய்வதென்றால் பூட்டி வைப்பதுதான்.

வினிபெக், எட்மன்ரன் பக்கம் இன்றும் காரின் மூக்கில் ஒரு வயர் தொங்கும். எஞ்சினை இரவிரவாகச் சூடாக வைக்கும் ஹீற்றருடைய பிளக் அது. வடக்கு டக்கோட்டாவைச் சேர்ந்த அன்ட்ரு ஃபிறீமன் என்ற மின்பொறியியலாளர் 1949இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ரொறன்ரோவில் அந்த வயரைக் காண்பது அருமை.

இன்று என் மகள் மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டே கைபேசியை அழுத்துகிறாள். கீழே கார் உறுமுகிறது, கண்ணாடிப் பனி உருகுகிறது. பெற்றோலை அளந்து தெளிப்பது கணினி. ஒயில் 0டபிள்யூ-20, கடுங்குளிரிலும் ஓடக்கூடியது. அதிலுள்ள டபிள்யூ குளிர்காலத்தைத்தான் குறிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பது மின்சாரக் கார். குளிரில் அது ஓடும் தூரம் குறைகிறது என்று முறைப்பாடு சொல்வார். வயரில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டால் அந்த இழப்பில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். பற்றறியைக் கவனிக்கும் வேலை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஸ்ரார்ட் ஆகுமா என்ற பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய பயம் ஒன்று உண்டு: நிற்குமா? அது எங்கள் சனத்துக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

அன்று பனி ரயர் வாங்க வசதியுள்ளவர்கூடப் பின்சில்லு இரண்டுக்கு மட்டும்தான் போடுவார். நோக்கம் கார் நகர வேண்டும் என்பது. நிற்பதைப் பற்றி யோசித்தவர் குறைவு. இன்று நாலுக்கும் போட வேண்டும் என்று எல்லாக் கராஜிலும் சொல்கிறார்கள். இரண்டுக்கு மட்டும் போட்டால் பிடிப்பில்லாத பக்கம் வளைவில் விலகி ஓடும். ‘ஓல் சீசன்’ ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகினால் பிடிப்பு இல்லை. பனி விழ வேண்டியதில்லை, குளிர் விழுந்தாலே போதும். ஒரு ரயர் றோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. 2011 செப்டெம்பர் 1க்குப் பின் கனடாவுக்கெனத் தயாரித்த பயணிகள் கார் எல்லாவற்றிலும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணினியும் நாலு உள்ளங்கைப் பிடிப்பை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இல்லாத பிடிப்பை அது எங்கே போய் எடுக்கும்?

“எனக்கு நாலு சில்லும் இழுக்கிற கார், வின்ரர் ரயர் தேவையில்லை” என்று ஒரு நண்பர் கலியாண வீட்டில் பெருமையாகச் சொன்னார். நாலு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும். பிரேக் பிடிக்க எல்லாக் காருக்கும் நாலு சில்லுதானே? அடுத்த மாதமே சிவப்பு விளக்கில் முன்னால் நின்ற வாகனத்தின் டிக்கியோடு அவருடைய கார் போய்ச் சேர்ந்தது. நல்லகாலம், ஆளுக்கு ஒன்றும் இல்லை.

கியூபெக்கில் இதெல்லாம் பேச்சே இல்லை. 2008 முதல் சட்டம். இப்போது டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் இல்லாமல் ஓடினால் தண்டம். ஒன்ராறியோவில் சட்டம் இல்லை. 2016 முதல் காப்புறுதிக் கம்பனிகள் கழிவு தர வேண்டும் என்பதோடு சரி. கேட்டு வாங்காதவர்கள் எத்தனையோ பேர்.

ரயர் வாங்கும்போது பக்கத்தில் மலைச்சிகரமும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட ஓட ரயர் தேயும். பள்ளம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் பனி றோட்டுக்கு உதவாது. வெப்பநிலை 5, 6 பாகை இறங்கும்போதெல்லாம் காற்றமுக்கம் ஓர் இறாத்தல் அளவு குறையும், அதையும் பாருங்கள். முதல் பனி விழுந்த அடுத்த நாள் ஊரே கராஜ் வாசலில் நிற்கும். இரண்டு கிழமைக்கு இடம் கிடைக்காது. தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிற கிழமையே ஃபோன் எடுத்து நாள் குறித்துவிடுங்கள்.