குழந்தையின் சிகிச்சைக்கு எத்தனை கிலோமீட்டர்?

தென்காசி மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், வீட்டில் கூடும் சொந்தபந்தங்கள் முதலில் பேசுவது ஊரைப் பற்றித்தான். திருநெல்வேலிக்குப் போவதா, மதுரைக்கா, ஆரியங்காவு கணவாயைக் கடந்து திருவனந்தபுரத்துக்கா, பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை அடையாறுக்கா? திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரம். திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலைப்பாதை என்பதால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மதுரை 160 கிலோமீட்டர். சென்னைக்கு ஓர் இரவு முழுக்க ரயில். ஒருமுறை போய்வருவதென்றால் இதில் எதுவும் பெரிய பயணம் இல்லை. இரண்டரை, மூன்று ஆண்டுகளுக்கு விடாமல் போய்வர வேண்டும் என்னும்போதுதான் தூரம் நோயின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இந்தக் குழந்தைகளுக்கான மருந்து நம்மிடம் இருக்கிறது. அந்த மருந்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதுதான் தென்காசியில் இன்று செய்ய வேண்டிய, செய்யக்கூடிய காரியம்.

‘மருந்து இருக்கிறது’ என்பது ஆறுதல் வார்த்தை அல்ல. 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகவேனும் அடங்குவதை முதன்முதலில் காட்டினார். அந்த மருந்து உருவான லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் அதை வழிநடத்திய டாக்டர் சாந்தாவின் காலத்தில், 1984-இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்த எம்சிபி 841 என்ற சிகிச்சைமுறை அங்கும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் டெல்லி எய்ம்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஐந்தில் ஒருவர் என்ற அளவில் பிழைத்துவந்த நிலை மாறி, நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்கள் இந்த மூன்று இடங்களிலும் 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தார்கள். இன்று பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் ஒன்றுதான், மருந்துகளும் பெரும்பாலும் அதே பழைய, விலை குறைந்த மருந்துகள்தாம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிகிச்சையின்போது தொற்றில் இறப்பது, சிகிச்சையைப் பாதியில் விடுவது ஆகிய மூன்றும் முக்கியமான காரணங்கள். மூன்றிலும் தூரத்துக்குப் பங்குண்டு.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மூன்றில் ஒரு பங்கு ரத்தப் புற்றுநோய். அதில் மிகுதியாக வரும் வகைக்கான சிகிச்சையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். முதல் ஐந்து வாரம் கடுமையான கட்டம். அடுத்த சில மாதங்களும் அப்படியே. நரம்பில் கீமோ, முதுகில் ஊசி, ரத்தம் ஏற்றுவது, தட்டணு ஏற்றுவது என்று பெரிய மருத்துவமனையின் நிழலிலேயே கிடக்க வேண்டிய காலம் அது. அதற்குப் பிறகு வருவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீளும் பராமரிப்புக் கட்டம். தினமும் இரவில் மெர்காப்டோப்யூரின் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். மெர்காப்டோப்யூரின் மாத்திரை பெரும்பாலும் 50 மில்லிகிராம் அளவில்தான் கிடைக்கிறது. சின்னக் குழந்தைக்கு அது அதிகம் என்பதால் ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் அரை மாத்திரை என்று தாய் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெள்ளணு எண்ணிக்கை ரொம்பக் குறைந்தால் மருந்தை நிறுத்த வேண்டும், ஏறினால் அளவைக் கூட்ட வேண்டும். ‘கவுண்ட் எவ்வளவு?’ என்பதைச் சுற்றியே அந்த இரண்டு ஆண்டுகளும் நகர்கின்றன. அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா தலைமையில் நடந்த ஆய்வுகளில், கொடுக்க வேண்டிய மெர்காப்டோப்யூரினில் 95 சதவீதத்துக்குக் குறைவாகச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறோம். மாத்திரை தீர்ந்து, அடுத்த பயணத்துக்குக் காசு சேரும்வரை காத்திருக்கும் வீட்டில் இரண்டு நாள் என்பது எவ்வளவு சாதாரணம்!

தூரத்தின் விலையை அளந்து சொன்ன ஆய்வு ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து வந்தது. 2003-இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வு, ரத்தப் புற்றுநோய் வந்த 168 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள். நோய் திரும்பியதால் இழந்தவர்களைவிட இப்படி விட்டவர்கள் அதிகம். மருத்துவமனைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் குடும்பங்கள், பக்கத்தில் இருப்பவர்களைவிட மூன்று மடங்கு கூடுதலாகச் சிகிச்சையை விட்டன. ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் அது இன்னும் கூடியது. நாலரை வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிலை தனியாகவும் மோசமாக இருந்தது. ரத்தப் புற்றுநோய் மிகுதியாக வருவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். இந்தக் கணக்கைத் தென்காசி மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வருவது திருநெல்வேலி மட்டும். திருவனந்தபுரமும் மதுரையும் இரண்டாவது வட்டத்தில், சென்னை மூன்றாவதில். ஹோண்டுராஸ் வேறு, நாம் வேறு என்று சொல்லலாம். நம் சாலைகள் மேல், ரயில் உண்டு, அரசுக் காப்பீடு உண்டு. உண்மைதான். ஆனால் கைக்குழந்தையோடு, ‘கவுண்ட்’ குறைந்த உடம்போடு, கூட்டப் பேருந்தில் போகும் மூன்று மணி நேரம் எந்த நாட்டிலும் மூன்று மணி நேரம்தான்.

காப்பீடுதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே என்பவர்களுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கும் ஏற்பாடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. இவை பெரிய உதவிகள். இவை இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் காப்பீடு மருத்துவமனையின் பில்லைக் கட்டுகிறது. வீட்டின் வருமானத்தைக் கட்டுவதில்லை. பாவூர்சத்திரம், கடையம், ஆலங்குளம் பக்கத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாய் பீடித் தட்டை எடுக்காத நாளில் அவருக்குக் கூலி இல்லை. குற்றாலத்தில் கடை போடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், லாட்ஜில் வேலை பார்க்கிறவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் விழும் சீசனில்தான். சிகிச்சையின் முதல் கட்டம் ஜூலையில் தொடங்கினால் அந்தக் குடும்பம் ஒரு மாத வருமானத்தை அல்ல, ஓர் ஆண்டு வருமானத்தை இழக்கிறது. வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளையை ஆச்சியிடம் விட்டுப் போக வேண்டியிருக்கிறது. ரயில் இலவசமானாலும் சென்னையில் இறங்கியபின் ஆட்டோவும் சாப்பாடும் அறை வாடகையும் இலவசமில்லை.

ஆகவே சிகிச்சையைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். நோயை உறுதி செய்வது, கடுமையான கட்டங்கள், முதுகு ஊசி, கதிர்வீச்சு ஆகியவை பெரிய மையத்தில் நடக்கட்டும். ரத்தப் பரிசோதனை, மாத்திரை வழங்குதல், மாதாந்திரப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் முதல் ஊசி ஆகியவை தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நடக்கட்டும். இவற்றில் காய்ச்சல்தான் மிக அவசரமானது. வெள்ளணு குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்பது பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கும் விஷயம் அல்ல. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். செங்கோட்டையில் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் கண்ட குழந்தையை மலைப்பாதையில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவது அந்த ஒரு மணி நேரத்தை வழியிலேயே தொலைப்பதாகும். பிரிட்டனில் குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சை இப்படித்தான் பிரிந்து நடக்கிறது: ஒரு முதன்மை மையம், வீட்டருகே அதோடு இணைந்த ஒரு மருத்துவமனை.

இதற்கு எழும் கனமான ஆட்சேபம், சிறிய மருத்துவமனையில் தவறு நடந்தால் என்ன செய்வது என்பது. கவலை நியாயமானது. வின்கிறிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். நம் வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் மருந்து அது. தென் மாவட்டங்களில் இந்தச் செடியை மானாவாரியாகப் பயிரே செய்கிறார்கள். நரம்பில் ஏற்றினால் உயிரைக் காக்கும் அதே மருந்து, தவறிப்போய் முதுகுத்தண்டில் ஏறினால் கொன்றுவிடும். அதனால்தான் முதுகு ஊசியைத் தென்காசியில் போட வேண்டாம் என்கிறேன். எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று பெரிய மையம் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண் இரவும் பகலும் இருக்க வேண்டும். வின்கிறிஸ்டினைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குற்றாலம் மூலிகைக்குப் பேர்போன ஊர். பெரிய மருத்துவமனை தூரமாகத் தெரியும்போது பக்கத்து மூலிகைக் கடை நெருக்கமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நித்தியகல்யாணியை அரைத்துக் குடித்தால் புற்றுநோய் போகாது. பிரித்தெடுத்து, சுத்திகரித்து, குழந்தையின் உடல் பரப்புக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து ஏற்றுவதால்தான் அது மருந்து. நல்ல சிகிச்சை அருகில் வந்தால் அந்த மயக்கமும் தானாகக் குறையும்.

இன்னொரு ஆட்சேபம் எண்ணிக்கை பற்றியது. மாவட்ட மக்கள்தொகை சுமார் 14 லட்சம். பதினைந்து வயதுக்குட்பட்டோர் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 100 முதல் 150 பேருக்குப் புற்றுநோய் வரும் என்ற பொதுவான கணக்கின்படி இங்கே ஆண்டுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து குழந்தைகள். இதற்குத் தனி வார்டு வேண்டாம்தான். நான் கேட்பதும் வார்டு அல்ல. மற்ற நோயாளிகளோடு கலக்காத ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒரு குழந்தை மருத்துவர், இரண்டு செவிலியர், அன்றே முடிவு தரும் ரத்தப் பரிசோதனை. உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியை மக்கள் நம்புவார்களா என்ற கேள்வியும் உண்டு. முதல் நாளே நம்ப மாட்டார்கள். குழந்தையின் பெயரும் கடைசி கவுண்ட்டும் தெரிந்த ஒரு செவிலியர் அங்கே இருந்தால் நம்புவார்கள்.

இதெல்லாம் வெறும் ஆசை அல்ல என்பதற்குப் பிரேசிலின் ஏழைப் பகுதியிலுள்ள ரெசிஃபே நகரம் சாட்சி. அங்கே 1980-களில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் 16 சதவீதம் பேர் சிகிச்சையை விட்டார்கள். நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டுகள் இருந்தவர்கள் 32 சதவீதம். தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற செவிலியர், தங்கும் விடுதி, பயணச் செலவு, சமூகப் பணியாளர் என்று படிப்படியாக ஏற்பாடு செய்தபின், 1997-க்கும் 2002-க்கும் இடையில், விட்டவர்கள் 0.5 சதவீதமாகக் குறைந்தார்கள். பிழைத்தவர்கள் 63 சதவீதமாக உயர்ந்தார்கள். பெரிய மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் விடுதி கட்டினால் போதாதா என்று கேட்பவர்களும் ரெசிஃபேயைச் சுட்டலாம். முதல் ஆறேழு மாதத்துக்கு விடுதி கட்டாயம் வேண்டும், அதை மறுக்கவில்லை. அதற்குப் பின் வரும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தாயை விடுதியில் இருத்த முடியாது, இருத்தவும் கூடாது.

2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையம் அமைப்பதாக அறிவித்தார்கள். 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கும் அந்த உரிமை உண்டு. வழக்கம்போல் அது பெரியவர்களுக்கு மட்டுமான மையமாகத் திறந்துவிடும் முன் நாம் கேட்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அடுத்து நடக்கும் கிராம சபையில், ‘தென்காசி தலைமை மருத்துவமனையின் புற்றுநோய் மையத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறையும், காய்ச்சலுக்கு இருபத்து நான்கு மணி நேர முதல் ஊசியும் வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள்.