ஆயில் எஞ்சினைத் தினந்தோறும் பரிசோதித்தல்

கிணற்றுப் பாசனத்தை நம்பிய குடியானவர்களுக்கு ஆயில் எஞ்சினின் அனுகூலம் தெரிந்த விஷயமே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் துரையவர்கள் சென்னை மாகாணத்தில் எஞ்சின் பூட்டி நீரிறைக்கும் முறையைப் பரவச் செய்தார். அது முதல், கவலையும் ஏற்றமும் இருந்த கிணறுகள் பலவற்றில் யந்திரம் இடம்பெற்றது. மின்சாரம் எட்டாத இடங்களில் இன்றும் அதுவே துணை. ஆயினும், மாட்டுக்குத் தீனி வைக்க மறவாதவரும் யந்திரத்தைக் கவனிக்க மறந்துவிடுகின்றனர். மாடு பசித்தால் கத்தும். எஞ்சினின் குறையையோ நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், நெல் கதிர்விடும் தருணத்தில் ஒரு மிராசுதாரின் எஞ்சின் திடீரென நின்றது. திறந்து பார்த்ததில் பேரிங் உருகிக் கிராங்க் ஷாப்டோடு பற்றியிருந்தது. அளவுக்குச்சியில் எண்ணெயின் ஈரமே இல்லை. எஞ்சின் பட்டறையிலிருந்து திரும்புமுன் கதிர்களில் பெரும்பகுதி பதராயிற்று. அதே வாரத்தில் அவ்வயலுக்குச் சென்று எருவையும் பூச்சியையும் பற்றிப் பேசிய நான், எஞ்சினை எட்டிப் பார்க்கவில்லை. அக்குறையை நினைந்தே இதை எழுதுகிறேன். கீழ்க்கண்டவற்றைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும்.

1. எண்ணெய்: எஞ்சினைக் கிளப்புமுன் அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்துப் பார்க்கவும். எண்ணெய் கீழ்க்கோட்டுக்குத் தாழ்ந்திருந்தால் எஞ்சினைக் கிளப்பலாகாது. ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருப்பதும் அபாயக் குறியே. எண்ணெய் நீர்த்து டீசல் வாடை வீசினால் டீசல் கலந்துள்ளது. மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. காரணத்தைக் கண்டு நீக்கி, எண்ணெயை மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும். எஞ்சின் சூடாயிருக்கும்போது பழைய எண்ணெயை வடித்தால் அழுக்கும் உடன் வெளியேறும்.

2. டீசல்: டீசலை மெல்லிய வலையில் வடிகட்டியே ஊற்றவும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில் தங்கும். அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். மாலையில் தொட்டியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் உள்ளே நீர் கோப்பது குறையும்.

3. காற்று: தூசி உள்ளே சென்றால் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அரம்போல் தேய்த்துவிடும். ஆகையால் காற்று வடிகட்டியை, விசேஷமாகக் களத்தடிக் காலத்தில், அடிக்கடி சுத்தம் செய்யவும்.

4. குளிர்நீர்: எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் தடையின்றி வெளிவருகிறதா என்று பார்க்கவும். அது நின்றுபோனால் எஞ்சினை உடனே நிறுத்துக. கொதிக்கும் எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, இரும்பு வெடித்துவிடும்.

5. புகை: கரும்புகை தொடர்ந்து வந்தால், எஞ்சினுக்குப் பாரம் மிகுதி அல்லது காற்றுப் போதவில்லை. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை டீசல் சரிவர எரியாததையோ தண்ணீர் புகுந்ததையோ குறிக்கும்.

புகையைக் குறித்து மற்றொரு எச்சரிக்கையும் அவசியம். நீர்மட்டம் ஆழத்திற்குப் போகும்போது, பம்பு நீரை உறிஞ்சும் பொருட்டுச் சிலர் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி வைக்கின்றனர். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கிணற்றுக்குள் தேங்கினால் இறங்கினவர் மயங்கி உயிரிழப்பார். காப்பாற்ற இறங்குபவருக்கும் அக்கதியே. ஆதலால் எஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவே கூடாது.

எஞ்சின் கொட்டகையில் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைத் தொங்கவிட்டு, ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், எண்ணெய் மாற்றிய தேதி ஆகியவற்றைக் குறித்துவரவும். எண்ணெய் மாற்றவேண்டிய கெடுவை எஞ்சினுடன் வந்த கையேட்டில் காணலாம். கிராம அதிகாரிகள் கூட்டங்களில் இவற்றை எடுத்துச் சொல்வது பேருபகாரமாகும். எண்ணெய்க்குச் செலவிடும் சிறு தொகையை மிச்சம்பிடிக்க எண்ணி, விளைந்துவரும் பயிரை இழப்பது சிக்கனமாகாது.