கூண்டு மாறலாமா?

செஷன்ஸ் நீதிமன்றம். கொலை வழக்கு. அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் சொல்லி முடித்தாயிற்று. நீதிபதியின் மேசையில் தட்டச்சு செய்த தாள்கள். அவற்றில் வரிசையாக எண்ணிட்ட கேள்விகள்.

"சம்பவ இடத்தில் உங்களைப் பார்த்ததாக அரசுத் தரப்பு முதல் சாட்சி சொல்லியிருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?"

கூண்டில் கைகட்டி நிற்கும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், "பொய் சாட்சிங்க ஐயா" என்கிறார். அடுத்த கேள்விக்கும் அதே பதில். அதற்கடுத்த கேள்விக்கு, "தெரியாதுங்க." இருபது, முப்பது கேள்விகள் இப்படியே ஓடுகின்றன. கடைசியில் ஒன்று வருகிறது: "உங்கள் தரப்பில் சாட்சி உண்டா?" அவர் தன் வக்கீலைப் பார்க்கிறார். வக்கீல் தலையசைக்கிறார். "இல்லைங்க." தாளின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

நம் ஊர் நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது இது. அந்த "இல்லைங்க" என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு பெரிய முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. எதிரி விரும்பினால் அந்தக் கூண்டிலிருந்து இறங்கி, எதிரே இருக்கும் சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியப் பிரமாணம் எடுத்து, தன் கதையைத் தானே சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

மேலே பார்த்த கேள்வி பதிலை வக்கீல்கள் "313 கேள்வி" என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 351ஆம் பிரிவு. இந்தக் கட்டத்தில் எதிரியிடம் சத்தியம் வாங்க மாட்டார்கள். பதில் சொல்ல மறுத்தாலோ பொய்யே சொன்னாலோ அதற்காகத் தண்டனை கிடையாது. குறுக்கு விசாரணையும் இல்லை. அவருக்கு எதிராக வந்த ஒவ்வொரு சான்றையும் அவரிடம் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அப்படிக் கேட்கப்படாத சூழ்நிலைச் சான்றை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

சாட்சிக் கூண்டு அப்படியல்ல. பழைய சட்டத்தில் 315ஆம் பிரிவு, புதியதில் 353. எதிரி தானே எழுத்துமூலம் கேட்டால் மட்டுமே அவரைச் சாட்சியாக விசாரிக்கலாம். ஏறிவிட்டாலோ, மற்ற சாட்சிகளுக்கு உள்ள எல்லாக் கட்டுப்பாடும் அவருக்கும் உண்டு. அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். கூட்டு எதிரியின் வக்கீலும் செய்வார். பிடிக்காத கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் 313 பதிலுக்கு இல்லாத ஒரு கனம் இந்தச் சாட்சியத்துக்கு உண்டு. சத்தியத்தின் பேரில் சொல்லி, குறுக்கு விசாரணையையும் தாண்டி நிற்கும் சொல் முழுமையான சாட்சியம்.

இந்த உரிமை வந்த கதை நீளமானது. குற்றம் சாட்டப்பட்டவன் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பொய்தான் சொல்வான், அவனைச் சத்தியம் செய்யவைப்பது பாவத்துக்குத் துணைபோவது என்று பழைய இங்கிலாந்துச் சட்டம் நம்பியது. ஆகவே அவன் வாயை அடைத்தது. 1889இல் லிவர்பூலில் நடந்த ஃபுளோரன்ஸ் மேபிரிக் வழக்கு இதற்கு ஒரு சான்று. கணவருக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக அவர்மீது வழக்கு. ஈ கொல்லும் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து அவர் நஞ்சு எடுத்தார் என்றது அரசுத் தரப்பு. முகத்துக்குப் பூசிக்கொள்வதற்காகத்தான் ஊறவைத்தேன் என்றார் அவர். ஆனால் அதைச் சத்தியத்தின் பேரில் சாட்சியமாகச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை. கூண்டில் நின்றபடி ஒரு வாக்குமூலம் மட்டும் கொடுக்க முடிந்தது. ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தூக்கு, ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1904இல்தான் வெளியே வந்தார். எல்லா வழக்குகளிலும் எதிரி சாட்சி சொல்லலாம் என்று இங்கிலாந்து சட்டம் இயற்றியது 1898இல். அமெரிக்காவில் மேய்ன் மாநிலம் 1864இலேயே வழிகாட்டியிருந்தது.

இந்தியாவுக்கு அது வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1947ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற ஒருசில இடங்களைத் தவிர, எதிரி தனக்காகச் சாட்சி சொல்ல இங்கே வழியில்லாமல் இருந்தது. 1955இல் செய்த திருத்தம்தான் அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 342-ஏ என்ற பிரிவைச் சேர்த்துக் கதவைத் திறந்தது. அது நடப்புக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்த நிலையில், நாடே உற்றுப் பார்த்த ஒரு வழக்கில் ஒருவர் அந்தக் கதவு வழியாக நடந்தார்.

கடற்படை அதிகாரி கே.எம். நானாவதி. 1959 ஏப்ரல் 27. தன் மனைவி சில்வியாவுக்கும் பிரேம் அகுஜா என்பவருக்கும் இருந்த உறவு அன்றுதான் அவருக்குத் தெரியவருகிறது. மனைவியையும் பிள்ளைகளையும் சினிமா கொட்டகையில் விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போகிறார். இரவில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அகமத்நகர் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்குகிறார். அதை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு அகுஜாவின் வீட்டுக்குப் போகிறார். படுக்கையறைக் கதவைச் சாத்துகிறார். சற்று நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். அகுஜா இறந்து கிடக்கிறார்.

உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உயிரோடு இல்லை. திட்டமிட்ட கொலையா, கைகலப்பில் தவறிச் சுட்டதா என்று சொல்லக்கூடியவர் நானாவதி மட்டும்தான். விபத்து என்று சொன்னால் அதைக் காட்டும் பொறுப்பும் அவர் தலையில். அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். உறையை ஓர் அலமாரியின் மேல் வைத்தேன். 'என் மனைவியைத் திருமணம் செய்துகொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாயா' என்று கேட்டேன். அகுஜா கேவலமாகப் பதில் சொன்னார். உறையை எடுக்கப் பாய்ந்தார். நான் முந்திக்கொண்டு ரிவால்வரை எடுத்தேன். இருவரும் கட்டிப் புரண்டதில் வெடித்துவிட்டது என்பது அவருடைய சாட்சியத்தின் சாரம்.

பம்பாய் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி. எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961 நவம்பர் 24இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு, கூண்டில் ஏறி நின்று ஒருவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவரைச் சுற்றியிருந்த பொருள்களோடு உரசிப் பார்த்தது. குளித்துவிட்டு வந்த அகுஜாவின் இடுப்பில் இருந்த துண்டு, அவர் விழுந்து கிடந்தபோதும் அவிழாமல் அப்படியே இருந்தது. கட்டிப் புரண்டிருந்தால் துண்டு நின்றிருக்குமா? மூன்று குண்டுக் காயங்கள் தவறி வெடித்ததால் வந்தவையா? வெளியே வந்தவுடன் காவலாளியிடமும் அதிகாரிகளிடமும் பேசியவர், விபத்து என்று ஏன் அப்போதே சொல்லவில்லை?

ஜூரியின் மனத்தைத் தொட்ட அதே கதை நீதிபதிகளின் கையில் நொறுங்கிப்போனது. அவர் ஏறாமல் இருந்திருந்தால் விபத்து என்ற வாதத்துக்கு ஆதாரமே இருந்திருக்காது. ஏறியதால் அந்தத் துண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முடிவின் இருபுறக் கூர்மையை இந்திய வழக்குகளில் இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

அமெரிக்காவில் இந்த முடிவு எதிரிக்கே சொந்தம். சாட்சி சொல்வது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று 1987இல் ராக் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் வேண்டாம் என்று சொல்லலாம், தடுக்க முடியாது. சொல்லாமல் இருந்தால் அதை அரசு வக்கீல் ஜூரியிடம் குத்திக்காட்டக் கூடாது என்பது 1965இன் கிரிஃபின் தீர்ப்பு. அண்மைக் காலத்து இரண்டு வழக்குகளைப் பாருங்கள். தற்காப்புக்காகவே சுட்டேன் என்ற கைல் ரிட்டன்ஹவுஸ் 2021 நவம்பரில் கூண்டில் ஏறி, பேச முடியாமல் தேம்பி அழுதார். எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். கிரிப்டோ நிறுவனம் நடத்திய சாம் பேங்க்மன் ஃப்ரீட் 2023 அக்டோபரில் ஏறினார். குறுக்கு விசாரணையில் நினைவில்லை, நினைவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி ஆனார். கூண்டில் அவர் பொய் சொன்னார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே நீதிபதி 25 ஆண்டுகள் கொடுத்தார்.

இங்கிலாந்து 1994இல் பாதை மாறியது. ஏறாமல் இருந்தால் ஏன் ஏறவில்லை என்று ஜூரி யோசித்து முடிவுக்கு வரலாம் என்று அங்கே சட்டம் சொல்கிறது. இலங்கையிலோ எதிரிக் கூண்டில் நின்றபடியே சத்தியம் இல்லாமல் வாக்குமூலம் கொடுக்கும் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரதமர் பண்டாரநாயக்க கொலை வழக்கின் மேல்முறையீட்டில், 1962இல், அந்த வாக்குமூலத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும், ஆனால் அதன் குறைகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

நம் சட்டம் மௌனத்தைக் காக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 20(3), குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. எதிரி சாட்சிக் கூண்டில் ஏறவில்லை என்பதைப் பற்றி எதிர்த் தரப்போ நீதிமன்றமோ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அதிலிருந்து அவருக்கு எதிரான அனுமானம் எதுவும் எழக் கூடாது என்று 353ஆம் பிரிவும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் நடைமுறையில் மௌனம் எப்போதும் இலவசமில்லை. வீட்டுக்குள் மனைவி இறந்து கிடக்கிறார், கணவர் உடனிருந்தார் என்ற வகை வழக்குகளில், என்ன நடந்தது என்று அவர் விளக்கம் தராததும் சூழ்நிலைச் சங்கிலியில் ஒரு கண்ணியாகும் என்று 2006இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே "பொய் சாட்சிங்க" என்ற பதில் போதாது. செக் திரும்பிய வழக்குகளில் வேறு சிக்கல். கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று சட்டமே முதலில் அனுமானம் செய்துகொள்கிறது. அதை முறியடிக்க வேண்டியவர் எதிரி. அதற்கும் அவர் கூண்டு ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்து, அவருடைய ஆவணங்களைக் கொண்டே முறியடிக்கலாம் என்று 2019இல் பசலிங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எதிரியை ஏற்ற வேண்டாம் என்று வக்கீல்கள் தயங்குவதற்கு நியாயம் உண்டு. வழக்கை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அரசுத் தரப்பு ஓட்டையாக இருக்கும்போது, எதிரி தடுமாறிச் சொல்லும் ஒரு வாக்கியம் அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். குற்றமற்றவரும் பயத்தில் தேதியை மாற்றிச் சொல்வார். அரைகுறையாகப் படித்தவர், வாழ்நாளில் நீதிமன்றம் பார்க்காதவர், தேர்ந்த வக்கீலின் குறுக்கு விசாரணையில் எப்படி நிற்பார்? பல வழக்குகளில் ஏறாமல் இருப்பதே சரியான முடிவாக இருக்கும். இந்தக் கட்டுரை யாரையும் ஏறச் சொல்லவில்லை. ஏறுவதா வேண்டாமா என்பதை ஜெயிலுக்குப் போகப்போகிறவரே, தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும். இருபது வினாடியில் ஒரு தலையசைப்பில் அது முடிந்துபோவது அநியாயம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வழக்கில் மாட்டி நின்றால், 313 கேள்விக்கான தேதிக்கு முன்பே வக்கீலோடு உட்காரச் சொல்லுங்கள். என்னென்ன கேள்விகள் வரும், எதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், எழுத்துபூர்வமாக விளக்கம் கொடுக்கலாமா, நானே சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்று நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்துபூர்வ விளக்கம் தர 2009இல் செய்த திருத்தமே வழி கொடுத்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அங்கே வக்கீல் இலவசம். தேசிய உதவி எண் 15100.