உங்களுக்குத் தெரியுமா? வீட்டிலிருந்தே வேலை ஸ்பெஷல்!

வொர்க் ஃப்ரம் ஹோம் கொரோனா கொண்டுவந்தது என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி 1962-லேயே அப்படி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கிவிட்டார். முதலீடு வெறும் 6 பவுண்டு! புரோகிராமர்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில். முதல் 300 பேரில் ஆண்கள் எத்தனை? மூன்றே மூன்று!

'ஸ்டெஃபனி' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. 'ஸ்டீவ்' என்று போட்டார். கதவுகள் திறந்தன!

ஷெர்லி போனில் பேசினால் பின்னணியில் டைப்ரைட்டர் சத்தம் தடதடக்கும். எல்லாம் டேப்பில் பதிவு செய்து ஓடவிட்டது! வீட்டுச் சத்தம் வாடிக்கையாளர் காதில் விழக் கூடாதே!

கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு புரோகிராம் எழுதியது யார்? அதே பெண்கள்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே!

கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2021 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் நுழைந்தது. அதன் தலைமை அலுவலகம் எங்கே? எங்குமே இல்லை!

அங்கே புதிதாகச் சேருகிறவர் யாரைப் போய்க் கேட்பார்? பக்கத்து நாற்காலியே கிடையாதே! முதல் நாளே ஒரு வேலைப் பட்டியல் வந்துவிடும். எந்தக் கணக்கைத் திறக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போகலாம். சந்தேகம் தீர்க்க ஏற்கெனவே அங்கிருக்கும் ஒருவர் துணை. சம்பள விதியிலிருந்து மீட்டிங் நடத்தும் முறை வரை எல்லாமே கையேட்டில்! அச்சிட்டால் 2,000 பக்கங்களைத் தாண்டும். வெளியாளான நீங்களும் இணையத்தில் படிக்கலாம்! ஆள் எடுக்கும் ஒவ்வொரு கம்பெனியும் அப்படியே காப்பியடிக்க வேண்டிய விஷயம் இது!

வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக்கில் எவ்வளவு பெரிய பதவியில் சேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்வது!

அதே கம்பெனி 2017-ல் தன் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்தை மூடியது. காரணம்? கிட்டத்தட்ட யாருமே அங்கே வரவில்லை!

சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனம் 2010-ல் தன் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. விரும்பியவர்களில் யாருக்கு வீட்டிலிருந்து வேலை? பிறந்த தேதி இரட்டைப்படையா, உடனே வீட்டுக்கு! ஆனால் ஆறு மாதமாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். புது ஆட்களுக்கு அனுமதி இல்லை!

வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் எகிறியது. வேலையை விட்டு ஓடுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்!

பிறகு, வீடா ஆபீஸா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். பாதிப் பேருக்கு மேல் இடம் மாறிக்கொண்டார்கள். அப்போது வேலைத்திறன் உயர்வு எவ்வளவு ஆனது தெரியுமா? 22 சதவீதம்!