மருந்துக்கு ஒரு மெய்க்காவலர்

இளஞ்சிவப்புச் சத்துநீர் ஊற்றிய பிளாஸ்டிக் குடுவை. அதன் அடியில் ஒட்டி வளரும் செல்கள். அவற்றின் தீனிக்காக, பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தையும் கொஞ்சம் கலந்திருப்பார்கள். மருந்து ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் காணும் காட்சிதான். இதில் விடாரபின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சொட்டினால், அதில் ஒரு பகுதி செல்லுக்குள் நுழையும் முன்பே வீரியம் இழந்துவிடும்.

குற்றவாளி அந்தச் சீரத்திலேயே இருக்கிறது. அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி, மருந்து மூலக்கூறின் ஓரத்தில் உள்ள நைட்ரஜன் துண்டைக் கழற்றிவிட்டு அங்கே ஆக்சிஜனை மாட்டிவிடுகிறது. மாற்றம் சிறியதுதான், ஆனால் பலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விஷயம் தெரியாத ஆய்வாளர் மருந்தையே சந்தேகிப்பார்.

விடாரபின் ஒரு நியூக்ளியோசைடு மருந்து. டிஎன்ஏவைக் கட்டும் செங்கல்லைப் போல வேடமிட்டு உள்ளே புகுந்து, கட்டுமானத்தை நிறுத்துவதே இதன் வேலை. அந்த வேடம்தான் வம்பாகிறது. நிஜ அடினோசின் என்றே எண்ணி நொதி இதையும் பிரித்துப் போடுகிறது.

இதைச் சமாளிக்க, நொதி குறைவாக உள்ள குதிரைச் சீரத்துக்கு மாறலாம். இல்லையென்றால் நொதியின் வாயை அடைக்கலாம். இஎச்என்ஏ, பென்டோஸ்டாட்டின் ஆகியவை அப்படிப்பட்ட தடுப்பான்கள். பூட்டுக்குள் முறிந்து சிக்கிய சாவிபோல நொதியின் பள்ளத்தில் இவை உட்கார்ந்துகொள்ள, மருந்து தப்பிக்கிறது.

குடுவையில் எளிதாக முடிவது உடலில் அவ்வளவு எளிதல்ல. அடினோசின் டீஅமினேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அடியோடு சரிந்துவிடும். 1990இல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சை முதலில் சோதிக்கப்பட்டதே இந்தக் குறைபாட்டுக்குத்தான். ஆகவே இந்த நொதியை உடல் முழுக்க நெடுநாள் அடைத்துவைக்க முடியாது.

ரத்த உற்பத்தியைக் குலைக்கும் எலும்பு மஜ்ஜை நோய்களுக்கான டெசிடபினுக்கு வேறொரு எதிரி: சிட்டிடின் டீஅமினேஸ். குடலிலும் கல்லீரலிலும் இது நிறைய இருப்பதால், விழுங்கிய மருந்து ரத்தத்தை எட்டும் முன்பே சிதைந்துபோகும். அதனால் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என நரம்பு வழியாக ஏற்றுவது வழக்கமான முறைகளில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் இந்த நொதியை அடக்கிய டெட்ராஹைட்ரோயூரிடின், வயிற்று அமிலத்தைத் தாங்கவில்லை. அதன் மூலக்கூறில் ஃபுளோரின் சேர்த்து உறுதியாக்கியதுதான் செடாசுரிடின்.

2020 ஜூலையில் இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அதில் டெசிடபின் 35 மில்லிகிராம், காவலுக்கு வரும் செடாசுரிடின் 100 மில்லிகிராம். 28 நாள் சுற்றில் முதல் ஐந்து நாள், தினம் ஒன்று. விழுங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் சாப்பிடக் கூடாது. ஆனால் டிரிப் ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.