கீறல் விழுந்த கேம் டிஸ்க்... பேஸ்ட் தடவும் முன் ஒரு நிமிஷம்!

லீவு விட்டாச்சு. பரணில் கிடந்த பிளேஸ்டேஷன் 2-வை இறக்கி, தூசி தட்டி, டி.வி-யில் மாட்டி, ஆசையாக டிஸ்க்கைப் போட்டால், 'டிஸ்க் ரீட் எரர்' என்கிறது. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கமெல்லாம் கீறல். உடனே வீட்டில் யாராவது டூத் பேஸ்ட்டைத் தேடி ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கையில் இருப்பது எந்த வகை டிஸ்க் என்று தெரியாமல் தேய்த்தால், பிழைக்க வேண்டியதும் போய்விடும்.

முதலில் வேறொரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால், பழுது மெஷினின் லென்ஸில் இருக்கலாம். டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிஸ்க்தான் காரணம் என்றால், கேம் பதிந்திருக்கும் அடுக்கு அதில் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். டிஸ்க்கின் தடிமன் 1.2 மி.மீ. பிளேஸ்டேஷன் 1 கேம்கள் வந்த சி.டி-யில் அந்த அடுக்கு மேலே, லேபிளுக்கு நேர் கீழே இருக்கும். பிளேஸ்டேஷன் 2-ன் பெரும்பாலான கேம்களும், எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களும் டி.வி.டி. அதில் சாண்ட்விச் மாதிரி நடுவில். பிளேஸ்டேஷன் 3, 4, 5-ல் ஓடுவது ப்ளூரே. அதில் பளபளக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்திலேயே அடுக்கு வந்துவிடும்.

ஆக, சி.டி., டி.வி.டி-யின் பளபள பக்கத்தில் விழுந்த கீறல், மூக்குக் கண்ணாடியில் விழுந்த கீறல் போலத்தான். கேம் அழியவில்லை, லேசர் ஒளி சிதறுவதால் மெஷினுக்குப் படிக்க முடியவில்லை. ஆனால், சி.டி-யின் லேபிள் பக்கம் கீறியிருந்தால் கதை வேறு. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல வெளிச்சம் தெரிந்தால், அந்த இடத்தில் கேம் இல்லை. எந்த பேஸ்ட்டும் அதைத் திருப்பித் தராது. நாமோ பளபள பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, லேபிள் பக்கத்தைத் தரையில் தேய்க்கிறோம்!

பல நேரம் வில்லன் கீறலே அல்ல, முறுக்கு தின்ற விரலின் எண்ணெய்ப் பிசுக்குதான். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், தண்ணீர், பழைய காட்டன் வேட்டித் துணி... இது போதும். வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள். தகவல் சுருள் சுருளாகப் பதிந்திருக்கிறது. குறுக்கே விழும் சிறு கீறலை மெஷினே கணக்குப்போட்டுச் சமாளித்துவிடும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறல் என்றால், தொடர்ச்சியாக நிறைய தகவல் போய்விடும். மெஷின் ஓடும்போது அதை நகர்த்தினால் விழும் வட்டக் கீறல் அவ்வளவு கொடுமையானதற்குக் காரணமும் இதுதான்.

கழுவியும் ஓடவில்லையா? இப்போது பேஸ்ட். ஜெல் வேண்டாம், சாதாரண வெள்ளை பேஸ்ட், பட்டாணி அளவு. ஈரத்துணியில் தொட்டு, அதே நேர்கோட்டில் மெதுவாக இரண்டு மூன்று நிமிஷம் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பேஸ்ட் கீறலை அடைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தேய்த்துச் சமமாக்குகிறது. நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறலுக்கு இது பலிக்காது, பாலிஷ் மெஷின்தான் வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே போகாதீர்கள், டிஸ்க் வெளுத்துவிடும்.

ப்ளூரேவுக்கு பேஸ்ட்டே கூடாது. அதன்மேல் உறுதியான பூச்சு உண்டு. தேய்த்தால் அதுதான் முதலில் போகும். கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 4-ல் கேம் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருந்தால் டெலீட் செய்துவிடாதீர்கள். மறுபடி இன்ஸ்டால் செய்ய டிஸ்க் முழுவதையும் படித்தாக வேண்டும்.

எதற்கும் மசியவில்லை என்றாலும் பிள்ளைகள் அழ வேண்டாம். பிளேஸ்டேஷன் 2-ல் அண்ணன் பாதியில் விட்டுப்போன ஆட்டம் டிஸ்க்கில் இல்லை, 8 எம்.பி. மெமரி கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதே பதிப்பு கேமை செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வாங்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.