நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் உத்தியோகம்

கடற்படையில் உத்தியோகம் பார்த்தவரின் மகன் என்று சொன்னால், கேட்பவர்கள் வெள்ளை உடுப்பையும் நீலக் கடலையும் தூர தேசங்களையும் மனத்தில் வரித்துக்கொள்கிறார்கள். என் தகப்பனாரோ விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் கொதிகலன் அறையில், ஜன்னல் என்பதே இல்லாத ஆழத்தில், உஷ்ணமும் எண்ணெய் நெடியும் சூழ வேலை செய்தவர். அத்தகையவர்களை நினைவுகூர்வதானால், அவர்கள் செய்த வேலை இன்னதென்று தெரிந்துகொண்டு நினைப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டனில் கட்டத் தொடங்கி, யுத்தம் ஓய்ந்ததும் பூர்த்தியாகாமல் நின்றுபோன அந்தக் கப்பலை இந்தியா 1957-ல் வாங்கிற்று. 1961 மார்ச் 4-ந் தேதி பெல்பாஸ்ட் துறைமுகத்தில், விஜயலக்ஷ்மி பண்டிட் அம்மையாரின் முன்னிலையில், அது நம் கடற்படையில் சேர்ந்தது. சுமார் 700 அடி நீளமுள்ள அக்கப்பலின் ஜீவசக்தி நீராவி. நான்கு கொதிகலன்களில் உண்டான அந்த நீராவியே 40,000 குதிரைசக்தியோடு கப்பலைச் செலுத்தியது. மேல்தளத்திலிருந்து விமானங்களைக் கவண்கல்லைப் போல் உந்தி எறிந்த யந்திரத்துக்கும் அதுவே பலம்.

கொதிகலனைக் கவனிப்பது என்றால் அடுப்பெரிப்பது என்று நினைத்துவிடலாகாது. நீரின் மட்டம் குறைந்தால் குழாய்கள் கருகி வெடித்துவிடும். மிஞ்சினால் நீராவியோடு நீரும் சென்று சுழலியின் தகடுகளைச் சிதைத்துவிடும். கடல்நீரைக் காய்ச்சி வடித்த சுத்த ஜலத்தில் உப்பு சிறிதளவு கலந்தாலும் உலோகம் அரிக்கும். புகைபோக்கியில் கரும்புகை எழுந்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். எண்ணெய் விரயமாவது ஒருபுறமிருக்க, கப்பல் இருக்குமிடத்தை வெகு தூரத்திலிருக்கும் சத்ருவுக்கும் அப்புகை காட்டிக்கொடுத்துவிடும். இத்தனையையும் அளவுக் கண்ணாடியில் வைத்த கண் வாங்காமல் நாலு மணி நேரம் கவனிப்பதற்குப் பெயர் ஒரு ‘வாட்ச்’. விடுமுறையில் ஊருக்கு வந்தால்கூட, அரிசி ஆலையின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, “காற்றுப் போதவில்லை தம்பி, உமி வீணாய்ப் போகிறது” என்று என்னிடம் சொல்லாமல் அவரால் அந்தத் தெருவைக் கடக்க முடிந்ததில்லை.

1971-ல் பாகிஸ்தானோடு யுத்தம் மூண்டபோது, அந்தக் கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. கப்பலின் வேகமும் குறைந்துவிட்டது. இதில் அடங்கிய அபாயம் பலருக்குத் தெரிந்திராது. விமானந்தாங்கி காற்றை எதிர்த்து விரைந்தால்தான் தளத்தின்மேல் வீசும் காற்று பலப்பட்டு விமானம் எழும்ப உதவும். வேகம் குறைந்தால் அந்த அனுகூலமும் குறையும். அப்படியிருந்தும் கடற்படைத் தளபதி நந்தா கப்பலைப் போருக்கு அனுப்பத் துணிந்தார். விக்ராந்தை மூழ்கடிக்க வந்த காஜி என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தருகே அழிந்தது. டிசம்பர் 4-ந் தேதி விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. விமானிகளின் கீர்த்தி நியாயமானதே. ஆனால் விமானம் ஒவ்வொன்றும் எழும்பியபோது, எஞ்சிய கொதிகலன்களின் அழுத்தம் தளராமல் காத்தவர்கள் அந்த விமானத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். “சத்தம்தான் கேட்கும்” என்பார் அப்பா. அதற்குமேல் அந்த யுத்தத்தைப் பற்றி அவர் பேசியதில்லை.

கடற்படையிலிருந்து விலகிய பின், கொதிகலன் சட்ட விதிகளின்படி பரீட்சை எழுதித் தகுதிச் சான்று பெற்று, ஒரு சர்க்கரை ஆலையில் அதே தொழிலில் அமர்ந்தார். கரும்பு அரவைக் காலம் முழுவதும் இரவு பகலாக ஓடும் கொதிகலனின் முன் நின்று, கரும்புச் சக்கை எரிவதை எண்ணெய்க்குக் காட்டிய அதே சிரத்தையோடு கவனித்தார். விக்ராந்த் 1997 ஜனவரியில் ஓய்வு பெற்று, பம்பாயில் சில காலம் காட்சிச்சாலையாக இருந்து, பிற்பாடு உடைக்கப்பட்டுவிட்டது. அப்பாவிடம் தொழில் கற்ற பையன்களில் சிலரோ இன்றும் ஆலைகளில் முறை மாறி வேலை பார்த்து வருகிறார்கள்.